உளுந்தங்காட்டில் தரையோடு தரையாகப் பறக்கும் பருந்து: வேட்டையை எப்படிப் பார்ப்பது?

கரிசல்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஐப்பசிக் கடைசியிலிருந்து எங்கள் காட்டுப் பக்கம் ஒரு பருந்து வருகிறது. வீட்டுக்கு மேலே வட்டம் போடுகிற பருந்து இல்லை. இது ஆள் உயரத்துக்கு மேலே எழும்புவதே அபூர்வம். உடம்பெல்லாம் பழுப்பு, வால் தொடங்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை. சிறகு இரண்டையும் லேசாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் சாய்ந்து சாய்ந்து, உளுந்து பிடுங்கிய காட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை சலிக்கிறது. நடுநடுவே பொத்தென்று விழுகிறது. எழும்போது காலில் ஒன்றையும் காணோம். என்ன பறவை இது? கோழிக்குஞ்சுக்குத்தான் நோட்டம் பார்க்கிறது என்கிறார் அப்பா. அது வேட்டையாடுவதை முழுசாகப் பார்க்க எங்கே நிற்க வேண்டும், எந்த நேரத்தில் நிற்க வேண்டும்? பைனாகுலர் இருக்கிறது, கேமரா இல்லை.

வாடைக்காற்று எழுதியது:

பூனைப்பருந்து. நீங்கள் எழுதிய அந்த வாலடி வெள்ளையும் தூக்கிய சிறகும் போதும், வேறு பறவையாக இருக்க வாய்ப்பில்லை. எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரத்துக்குக் குளிர்காலத்தில் முக்கியமாக மூன்று வகை வரும். மான்டேகு பூனைப்பருந்து, வெளிர்நிறப் பூனைப்பருந்து, சேற்றுப் பூனைப்பருந்து. சேற்றுப் பூனைப்பருந்து உருவத்தில் பெரிசு, கண்மாய் ஓரத்தில்தான் அதிகம் திரியும். பெட்டைக்குத் தலையும் தொண்டையும் வெளிர் மஞ்சளாக இருக்கும்.

மற்ற இரண்டின் பெட்டைகளையும் இளம்பறவைகளையும் பறக்கும்போது பிரித்துச் சொல்வது பழகியவர்களுக்கே சிரமம், அதில் மண்டையை உடைக்காதீர்கள். ஆண் கிடைத்தால் சுலபம். இரண்டு ஆணுமே சாம்பல் நிறம். மான்டேகு ஆணுக்குச் சிறகின் மேல்பக்கம் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு ஓடும், வயிற்றுப் பக்கவாட்டில் செம்பழுப்புக் கீற்றுகள் இருக்கும். வெளிர்நிற ஆண் கிட்டத்தட்ட வெள்ளையாகவே தெரியும், சிறகு நுனியில் மட்டும் ஆப்பு வடிவத்தில் கறுப்பு.

இவை கஜகஸ்தான், தென் ரஷ்யா பக்கத்துப் புல்வெளிகளில் கூடு கட்டும். அங்கே பனி இறங்கும் முன்னே கிளம்பி, புரட்டாசி ஐப்பசியில் இங்கே வந்து, பங்குனி சித்திரையில் திரும்பிப் போகும். உங்கள் உளுந்தங்காடுதான் அதற்கு ஐந்தாறு மாதத்துக்குச் சாப்பாட்டுக் கடை.

சாத்தூரான் எழுதியது:

பெயரெல்லாம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன் தம்பி. எங்கள் காலத்தில் எல்லாமே பருந்துதான். இது வந்தால் ஆள்காட்டி கத்திக் கூப்பாடு போடும், கவுதாரி அப்படியே மண்ணோடு படுத்துவிடும். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கரிசல்காட்டான் எழுதியது:

நன்றி அண்ணாச்சி. கஜகஸ்தான் என்று சொன்னதற்கு அப்பா நம்பவில்லை. "அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவன் நம்ம வீட்டு ஓணானையா தின்ன வரணும்?" என்கிறார். கோழி விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் என் பேச்சு எடுபடாது.

வாடைக்காற்று எழுதியது:

கோழிக்குஞ்சைத் தூக்குவது பெரும்பாலும் கரும்பருந்து. இல்லாவிட்டால் மரத்துக்குள் பதுங்கியிருந்து பாயும் வல்லூறு. இரண்டும் ஊருக்குள்ளேயே குடியிருப்பவை. பூனைப்பருந்துக்கு ஊர் ஆகாது. வீடு, மரம், மின்கம்பி, ஆள் நடமாட்டம் எதுவும் பிடிக்காது. தீனி எல்லாம் வெட்டவெளியில். வெட்டுக்கிளி, ஓணான், வானம்பாடி, நெட்டைக்காலி, காடைக்குஞ்சு, சுண்டெலி. காட்டுக்குள் கோழியை மேயவிட்டால் ஒரு குஞ்சு போகலாம், போகவே போகாது என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

குஜராத்தில் பாவ்நகர் பக்கத்தில் வேலாவதர் என்று வெளிமான்களுக்கான தேசியப் பூங்கா இருக்கிறது. 1990களில் அங்கே அந்தியில் அடையும் பூனைப்பருந்துகளை ஆயிரக்கணக்கில் எண்ணினார்கள். உலகத்திலேயே பெரிய அடைவிடங்களில் அது ஒன்று. செரிக்காத மயிர், இறகு, பூச்சி ஓடு எல்லாவற்றையும் இவை உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் வெட்டுக்கிளிக் காலும் தாடையும் ஏராளம். அப்பாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

டெல்டாக்காரி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நான் மன்னார்குடிப் பக்கம். பருந்து என்றாலே விவசாயிக்கு நண்பன், எலியைத் தின்று தீர்க்கும் என்று எல்லோரும் ஒரே பாட்டுப் பாடுகிறார்கள். எங்கள் வயலில் எலிக்கு ஆள் வேறு. ராத்திரியில் கூகை. விடியலிலும் அந்தியிலும் கருந்தோள் பருந்து: வெள்ளை உடம்பு, தோளில் கறுப்பு, சிவந்த கண். ஒரே இடத்தில் நின்றபடி சிறகடித்து அந்தரத்தில் தொங்கும், அப்புறம் கட்டம் கட்டமாகக் கீழே இறங்கி, கடைசியில் சிறகை மேலே தூக்கிக்கொண்டு நேராக விழும். அதற்காகத்தான் வயலில் ஆங்கில டி வடிவத்தில் குச்சி நட்டுப் பறவைத் தாங்கி வைக்கச் சொல்கிறார்கள், நாங்களும் வைக்கிறோம். இந்தப் பூனைப்பருந்தை எங்கள் பக்கமும் பார்த்திருக்கிறேன், தாங்கியில் உட்கார்ந்ததே இல்லை. சம்பாப் பயிர் நெருக்கமாக நிற்கும்போது அதால் ஒரு எலியையும் எடுக்க முடியாது. அழகாக இருக்கிறது, பார்ப்போம், சரி. பயன் கணக்கு எதற்கு?

வாடைக்காற்று எழுதியது:

டெல்டாக்காரி அக்கா சொல்வது நியாயம். எலிக் கணக்கில் கருந்தோள் பருந்தோடும் கூகையோடும் இதை வைத்துப் பேச முடியாது. பயிர் அடைத்து நிற்கும் வயலில் இதற்கு வேலையும் இல்லை. இதற்கு வேண்டியது தரை பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் இருக்கிற காடு: பிடுங்கிய உளுந்து, அறுத்த கம்பந்தட்டை, முழங்கால் உயரக் கொத்தமல்லி, தரிசுப் புல். கரிசல் மானாவாரிக் காடு மார்கழி தையில் அப்படித்தான் கிடக்கும்.

இப்போது கரிசல்காட்டான் கேட்ட கேள்வி.

முதலில் காற்றைப் பாருங்கள். மார்கழியில் உங்கள் பக்கம் வடகிழக்கிலிருந்து அடிக்கும். பூனைப்பருந்து தேடும்போது கூடியவரை காற்றுக்கு எதிராகத்தான் போகும். எதிர்க்காற்று சிறகைத் தாங்கிப் பிடிப்பதால் விழாமல் மெதுவாக நகரலாம், கீழே ஒவ்வொரு செடியாகப் பார்க்க அந்த மெதுவான நடை அதற்கு வேண்டும். காட்டு முனைக்கு வந்ததும் காற்றோடு சர்ரென்று பின்னால் போய், கொஞ்சம் தள்ளி அடுத்த பட்டையில் மறுபடி எதிர்த்து வரும். ஆக, காட்டின் வடகிழக்கு மூலையில் போய் உட்காருங்கள். பறவை உங்களை நோக்கி வரும், காலை வெயிலும் முகத்தில் அடிக்காது. நிற்க வேண்டாம். வேலிக்கருவை நிழலிலோ வரப்புச் சரிவிலோ உட்கார்ந்தால் உங்களைக் கடந்து போகும்.

நேரம், பொழுது விடிந்து பனி விலகுகிற வேளை. அடுத்தது சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு. நடுப்பகலில் உயரே ஏறி வட்டமடித்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் தரையில் எங்கேயாவது உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் ஒன்று. பருந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வேட்டை பிடிபடாது. அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து அடி தள்ளித் தரையைப் பாருங்கள். வானம்பாடி எழும்புகிறதா, வெட்டுக்கிளி தெறிக்கிறதா, ஆள்காட்டி எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறது என்று கவனியுங்கள். கரிச்சான் ஒன்று பின்னாலேயே பறந்துவந்தால் இன்னும் நல்லது. பருந்து கிளப்பிவிடும் பூச்சியைப் பிடிக்கத்தான் அது கூடவே வரும். கரிச்சான் திடீரென்று குட்டிக்கரணம் போட்டால் அந்த இடத்தில் பூச்சி கிளம்புகிறது என்று அர்த்தம்.

பாய்ச்சலில் வேகம் கிடையாது, திருப்பம்தான் எல்லாம். தலையைக் குனிந்தபடியே வரும். எதையாவது கண்டதும் வாலை முழுக்க விரிக்கும், ஒரு சிறகு தரையைத் தொடுகிற மாதிரி சாயும், முன்னே போய்க்கொண்டிருந்த உடம்பு நின்ற இடத்திலேயே பின்னால் திரும்பும். கால் இறங்குவது அதற்கு அப்புறம்தான். உடம்பளவுக்குப் பார்த்தால் நல்ல நீளக் கால், மெலிசு, மஞ்சள். புல்லுக்குள் கையை விட்டுத் துழாவுகிற வேலை அதற்கு. விழுந்த கையோடு எழுந்தால் பெரும்பாலும் வெறுங்கால். எழாமல் தரையிலேயே கிடந்தால் பைனாகுலரை இறக்காதீர்கள்.

படப்பெட்டி எழுதியது:

அருமையான தகவல். நான் மதுரை. 600 எம்எம் லென்ஸ் வைத்திருக்கிறேன், சாம்பல் ஆண் மட்டும் இன்னும் மாட்டவில்லை. கரிசல்காட்டான், இடத்தின் வரைபடக் குறியை இங்கே போட முடியுமா? அந்தியில் கூட்டமாக அடையும் இடம் தெரிந்தால் அதையும் போடுங்கள். காரில் காட்டுக்குள்ளேயே போய்விடலாம், வண்டியைப் பார்த்து அவ்வளவாகப் பயப்படாது.

மட்டுறுத்துநர் எழுதியது:

அடைவிடத்தின் இருப்பிடத்தை இங்கே யாரும் போட வேண்டாம். இவை மரத்தில் அடைவதில்லை, புல்லுக்குள் தரையில் படுக்கின்றன. இருட்டுகிற நேரத்தில் ஒரு காரோ நாயோ உள்ளே போனால் அத்தனையும் எழும்பி, இருட்டில் வேறு இடம் தேடி அலையும். மீறிப் போட்டால் நீக்கப்படும்.

கரிசல்காட்டான் எழுதியது:

அண்ணே, காட்டுக்குள் கார் விடுவதைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. கொத்தமல்லி பூ எடுத்து நிற்கிறது. நடந்து வாருங்கள், வரப்பில் உட்கார்ந்து பாருங்கள், வீட்டில் காப்பி உண்டு.

படப்பெட்டி எழுதியது:

சரி சரி, கோபிக்க வேண்டாம். நடந்தே வருகிறேன்.

மன்னார்க்கரை எழுதியது:

வணக்கம். நான் இலங்கை, மன்னார். கட்டுக்கரைக் குளத்தைச் சுற்றின வயல்வெளியில எங்களுக்கும் இந்தப் பருந்துகள் வாறது. பெரும்போக நெல் உயர்ந்து நிற்கிற நாளில குளத்து ஓரப் புல்லிலயும் வாய்க்கால் கரையிலயும் தான் கூடுதலாத் திரியும். மாசி பங்குனியில அறுப்பு முடிஞ்சு ஒட்டு நிற்கேக்க முழு வயலும் அதுக்குத் திறந்து கிடக்கும். அண்ணா சொன்ன காற்றுக் கணக்கு இங்கேயும் சரியாத்தான் இருக்கு. ஒரு சந்தேகம்: முகத்தைப் பார்க்க ஆந்தை மாதிரி வட்டமா இருக்கே, அது என்னத்துக்கு?

வாடைக்காற்று எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அது காதுக்காக. முகத்தைச் சுற்றியுள்ள இறகு வளையம் சத்தத்தைக் காதுக்கு ஒதுக்கிக் கொடுக்கிறது. ஆந்தைக்கு இருக்கிற அதே ஏற்பாடு, அந்த அளவுக்கு ஆழமில்லை. காது ஓட்டையும் மற்றப் பகல் வேட்டைப் பறவைகளைவிடப் பெரிது. அமெரிக்காவில் அங்குள்ள பூனைப்பருந்தை வைத்து ஒருவர் சோதித்தார், 1982இல் அது வெளிவந்தது. எலிச் சத்தத்தை மறைவிலிருந்து ஒலிக்கவிட்டால் பறவை திசையைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடுகிறது, மற்றப் பருந்து வகைகளால் அந்த அளவுக்கு முடியவில்லை. ஏன் இவ்வளவு தாழப் பறக்கிறது என்பதற்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. கம்பந்தட்டைக்குள் சரசரப்பது உயரத்தில் இருந்தால் கேட்காது.

கண்ணைப் பற்றி இன்னொரு கதையும் சுற்றுகிறது, யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எலி மூத்திரம் புறஊதா ஒளியில் தெரியும், சிவப்பு வல்லூறு அந்தத் தடத்தைப் பார்த்தே எலியைக் கண்டுபிடிக்கிறது என்று 1995இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது பள்ளிப் பாடம் மாதிரி எங்கும் பரவிவிட்டது. அந்தப் பறவைகளின் கண்ணுக்குள் புறஊதா ஒளி அவ்வளவாக நுழைவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் அதைக் கேள்வி கேட்டுவிட்டன. நான் அதை நம்புவதில்லை.

கரிசல்காட்டான் எழுதியது:

பார்த்துவிட்டேன்! சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வடகிழக்கு மூலையில் வேலிக்கருவைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். பனி இன்னும் கொத்தமல்லி மேல் இருந்தது. மேற்கு ஓரத்தில் அது வந்தது, பெட்டைதான், அதே பழுப்பு. பின்னாலேயே ஒரு கரிச்சான். முதல் பட்டையில் இரண்டு வானம்பாடி எழும்பின, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழும்பிவிட்ட குருவியை விரட்டுவது அதற்கு வீண் வேலை போல. நடுக்காட்டில் ஒருமுறை விழுந்து உடனே எழுந்தது. காலில் காய்ந்த உளுந்தஞ்செடி ஒன்று மாட்டிக்கொண்டு வந்து, உதறிவிட்டுப் போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் பட்டையில் என்னை நோக்கி நேராக வந்தது. கொத்தமல்லிக்கும் உளுந்தங்காட்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பின் கொத்தமல்லிப் பக்கம் பதுங்கினாற்போல் வந்து, சட்டென்று வரப்பைத் தாண்டி இந்தப் பக்கம் சரிந்தது. கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிறகு கொஞ்ச நேரம்கூடச் சும்மா இல்லை. நுனி இறகுகள் தனித்தனியாக வளைந்து வளைந்து காற்றைத் தள்ளுகின்றன. தலை மட்டும் கீழே பார்த்தபடி ஆடாமல் இருக்கிறது. மஞ்சள் கண், அதைச் சுற்றி வெள்ளைத் திட்டு. அப்புறம் நீங்கள் சொன்ன அந்தத் திருப்பம். வால் விரிந்தது, இடது சிறகு சாய்ந்தது, காலை நீட்டிக்கொண்டு பின்னோக்கி விழுந்தது.

எழவில்லை. சிறகைப் பாதி விரித்துப் போர்த்திக்கொண்டு நின்றது. கரிச்சான் மேலே கத்திக்கொண்டே இருந்தது. தலையைக் குனிந்து இரண்டு மூன்று இழுப்பு இழுத்தது, ஒரு தடவை நிமிர்ந்தபோது அலகில் நீளமாக வால் தொங்கியது. ஓணான். வால் கடைசியாகத்தான் உள்ளே போனது. முடித்ததும் அலகை மண்கட்டியில் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த பட்டைக்குக் கிளம்பிவிட்டது.

சாத்தூரான் எழுதியது:

உட்கார்ந்து பார்த்த மாதிரி இருக்கிறது தம்பி. ஓணானைத் தின்னத்தான் வருகிறது என்று அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வாடைக்காற்று எழுதியது:

வரப்பை மறைவாக வைத்து வந்தது என்று எழுதினீர்களே, அதுதான் அதன் வித்தை. வேலி, ஓடைக்கரை, தட்டை நிற்கும் எல்லை, எங்கெல்லாம் உயரம் மாறுகிறதோ அங்கெல்லாம் இதைச் செய்யும். அந்தப் பக்கம் இருப்பவனுக்குப் பருந்து தலைக்கு மேல் வரும் வரை தெரியாது. எல்லா வரப்பையும் டிராக்டர் விட்டு அழித்து ஒரே காடாக்கினால் இந்த வேட்டை பாதி போய்விடும்.

டெல்டாக்காரி எழுதியது:

வேட்டை விவரம் பிரமாதம். ஆனால் அது தின்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் பேசக் காணோமே. மக்காச்சோளத்துக்கு நீங்கள் அடிக்கும் மருந்து? எலிக்கு வைக்கும் கேக்கு?

கரிசல்காட்டான் எழுதியது:

அக்கா, 2018இல் படைப்புழு வந்த பிறகு மருந்து அடிக்காமல் மக்காச்சோளம் எடுப்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். அடிக்காமல் விட்டால் குருத்து முழுக்கத் தின்றுவிடும். கடன் வாங்கி விதைத்தவனிடம் பருந்துக்காக விட்டுவிடு என்று எப்படிச் சொல்வது? எங்களுக்கு ஏற்கெனவே மயிலும் காட்டுப்பன்றியும் போதும்.

வாடைக்காற்று எழுதியது:

அடிக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எதை அடிக்கிறோம் என்பதில்தான் விஷயம். அர்ஜென்டினாவில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்வைன்சன் பருந்து என்று ஒன்று வட அமெரிக்காவில் கூடு கட்டிவிட்டு, அங்கே குளிர் வந்ததும் அர்ஜென்டினாவின் பம்பாஸ் சமவெளிக்குப் போகும். அங்கே வயலில் வெட்டுக்கிளி தின்றுதான் காலம் தள்ளும், இங்கே நம் பூனைப்பருந்து மாதிரியே. 1995-96 பருவத்தில் அவை ஆயிரக்கணக்கில் செத்து வயலிலும் மரத்தடியிலும் கிடந்தன. வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். செயற்கைக்கோள் கருவி கட்டிய பறவைகளைப் பின்தொடர்ந்து போனதால்தான் அந்த இடமே தெரியவந்தது. பிறகு வெட்டுக்கிளிக்கு அந்த மருந்தை அங்கே நிறுத்தினார்கள், சாவு குறைந்தது. விவசாயம் நின்றுபோகவில்லை.

எலி கேக்கு பற்றி: அதில் இருக்கும் புரோமாடியோலோன் என்ற விஷத்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு பகலிலும் வெளியே திரியும், எந்தப் பறவைக்கும் அது சுலபமான இரை. மருந்து எலியின் ஈரலில் தங்கி, தின்ற பறவைக்குப் போகும். இதில் பூனைப்பருந்தைவிட அக்காவின் கருந்தோள் பருந்துக்கும் கூகைக்கும்தான் ஆபத்து அதிகம்.

டெல்டாக்காரி எழுதியது:

அதனால்தான் எங்கள் வயலில் கிட்டி வைப்பவரைக் கூப்பிடுகிறோம். மூங்கில் கிட்டி, வரிசையாக வரப்போரம். காலையில் எலியை அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

காத்தாடிமேடு எழுதியது:

கயத்தாறிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைதான். இவ்வளவு தாழப் பறக்கிற பறவைக்குக் காற்றாடி இறக்கையால் என்ன ஆகிவிடப் போகிறது? இறக்கை சுற்றுவது எங்கேயோ மேலே. எல்லாவற்றுக்கும் காற்றாலையைக் குறை சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டது.

வாடைக்காற்று எழுதியது:

இங்கே இதுவரை யாரும் குறை சொல்லவில்லையே அண்ணாச்சி! வேட்டை நேரத்தில் இறக்கைக்கு வெகு கீழேதான் பறக்கிறது, உண்மை. நடுப்பகலில் உயரே ஏறும்போதும் வலசை கிளம்பும்போதும் அந்த உயரத்துக்கு வரும். ஆனால் அடிபடுவது மட்டுமே கணக்கு இல்லை. மகாராஷ்டிரத்தில் சதாரா பக்கம் சால்கேவாடிப் பீடபூமியில் செய்த ஆய்வு 2018இல் வந்தது. காற்றாலை உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அதே இடத்தில் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன, ஆள் கிட்டப் போனாலும் சீக்கிரம் ஓடவில்லை. தலைக்கு மேல் பயம் இல்லாததால் அவற்றின் குணமே மாறிப்போயிருந்தது. கரிசல்காட்டான் பார்த்த அந்த ஓணானை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இருந்தாலும் நம் வட்டாரத்தில் என் கவலை காற்றாலை மேல் அவ்வளவாக இல்லை. காற்றாடிக்குக் கீழே காடு காடாகவே இருக்கிறது, உளுந்தும் கம்பும் போடுகிறார்கள். சோலார் தகடு போட்டால் ஏக்கர் ஏக்கராகத் தரை மூடிப்போகிறது. தரிசைச் சீமைக்கருவேலம் மூடினாலும் அதே கதைதான், புல் போனால் ராத்திரிப் படுக்கை போயிற்று.

காத்தாடிமேடு எழுதியது:

சோலாருக்கு நிலம் கொடுத்தவன் வருஷக் குத்தகை வாங்குகிறான், மழையை நம்பி உட்கார வேண்டியதில்லை. அதையும் பேசுங்கள்.

சாத்தூரான் எழுதியது:

பேச வேண்டியதுதான். என் தம்பியே கொடுத்திருக்கிறான். மானாவாரியில் மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் நட்டம் வந்தால் யார்தான் கொடுக்க மாட்டார்கள்?

மட்டுறுத்துநர் எழுதியது:

சோலார் குத்தகைக்குத் தனி இழை திறக்கலாம், இங்கே பருந்தோடு நிற்போம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நெருங்குகிறது. பொங்கலை ஒட்டிய நான்கு நாளில் எங்கே வேண்டுமானாலும் பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எல்லாம் எண்ணி, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் போதும். கரிசல் காடுகளிலிருந்து பட்டியல் வருவது குறைவு. கரிசல்காட்டான், உங்கள் காட்டைச் சேர்க்க முடியுமா?

கரிசல்காட்டான் எழுதியது:

சேர்க்கிறேன். பட்டியலில் வகையைச் சரியாகக் குறிக்கத் தெரியாதே? பெட்டை மான்டேகுவா வெளிரா என்று எனக்குப் பிடிபடாது.

வாடைக்காற்று எழுதியது:

இரண்டில் ஒன்று என்று குறிக்க அதிலேயே வழி இருக்கிறது, அதைப் போடுங்கள். ஊகித்துப் பெயர் போடுவதைவிட அதுதான் உதவும். சாம்பல் ஆண் வந்தால் மட்டும் சிறகு மேலே கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். படப்பெட்டி நடந்து வருகிறேன் என்றாரே, அவர் லென்ஸுக்கும் வேலை கிடைக்கும்.

படப்பெட்டி எழுதியது:

போகி அன்றைக்கு வருகிறேன். எந்த நிறச் சட்டை போட வேண்டும்?

வாடைக்காற்று எழுதியது:

மண் நிறம். வெள்ளை வேட்டி வேண்டாம்.

கரிசல்காட்டான் எழுதியது:

ஒரு சேதி. கம்பு அறுத்த காட்டை உடனே உழாமல் மாசி வரை தட்டையோடு விடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஓடையோரம் ஒரு குறுக்கத்தை விடுகிறேன் என்றார். மயில் வந்து இறங்கினால் விரட்டுவது என் வேலையாம்.